கூடாரம் யாருடையது? – சஹ்ராவி, குர்தியப் பெண்களின் எதிர்ப்பும் இடப்பெயர்வும்

1975ஆம் ஆண்டில் இரண்டு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸ் நகரில் ஈரானின் ஷாவும் ஈராக்கின் சார்பில் சதாம் உசேனும் தம் எல்லைத் தகராறைப் பேசித் தீர்த்துக்கொண்டனர். ஈராக்கிய குர்தியரின் கிளர்ச்சிக்கு ஈரான் அதுவரை அளித்துவந்த ஆதரவு அதற்கு விலையாயிற்று. சில வாரங்களுக்குள் கிளர்ச்சி சரிந்து, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடந்து அகதிகளாயினர். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மத்ரீத் நகரில், மேற்குச் சகாரா என்னும் தன் காலனியின் நிர்வாகத்தை மொரோக்கோவிடமும் மவுரித்தேனியாவிடமும் கையளிக்க ஸ்பெயின் இசைந்தது. இரண்டு தாள்களிலும் அந்தந்த மண்ணின் மக்கள் சார்பில் ஒரு கையெழுத்தும் இல்லை.

இன்னொரு முரணையும் இங்கே சொல்லவேண்டும். முதல் உடன்படிக்கைக்கு நடுவராக நின்றவர் அல்ஜீரியத் தலைவர் ஹுவாரி பூமெதியன். இரண்டாவது உடன்படிக்கையால் துரத்தப்பட்ட மக்களுக்குத் தன் நாட்டின் பாலைவன ஓரத்தில் இடம் கொடுத்தவரும் அவரே. ஒரு மக்கள் கூட்டத்தைக் கைவிட்ட மேசையும் மற்றொன்றுக்கு அடைக்கலம் தந்த மண்ணும் ஒரே நாட்டைச் சேர்ந்தவை.

இவ்விரு மக்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே அதிகமில்லை. ஒருவர் மலைவாசிகள், மற்றவர் மணல்வெளியின் நாடோடிகள். குர்தியர் மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள், நான்கு நாடுகளில் பிரிந்து கிடப்பவர்கள். சஹ்ராவிகளோ, 1974இல் ஸ்பெயின் எடுத்த கணக்கெடுப்பின்படி, முக்கால் லட்சத்திற்கும் குறைவானவர்கள். ஆயினும் நாடு மறுக்கப்பட்ட இவ்விரு வரலாறுகளிலும் பெண்களைத் தேடிச் செல்லும்போது, ஒரே கேள்வியில் வந்து நிற்கிறோம். ஆண்கள் போருக்கோ சிறைக்கோ புதைகுழிக்கோ போய்விட்ட பிறகு எஞ்சிய சமூகத்தைக் கட்டிக் காத்தவர்களுக்கு அச்சமூகம் திருப்பித் தந்தது என்ன?

கூடாரம்

சஹ்ராவிகளின் ஹஸ்ஸானியா அரபு மொழியில் கூடாரத்திற்கு ‘கைமா’ என்று பெயர். நாடோடி வாழ்வில் அது பெண்ணின் உடைமை. ஆட்டு மயிரையும் ஒட்டக மயிரையும் திரித்து நெய்து அதை உருவாக்குபவள் அவள். இடம் பெயரும்போது பிரிப்பவளும் சேருமிடத்தில் நாட்டுபவளும் அவளே. மணமுறிவு நேர்ந்தால் கூடாரத்தைவிட்டு வெளியேறுபவன் கணவன். பல பெண்கள் சேர்ந்து ஒருத்தியின் கூடாரத்தைத் தைத்து முடிக்கும் கூட்டுழைப்புக்கு ‘துவிசா’ என்று பெயர். ஆண்கள் கால்நடைகளோடும் வணிகத்தோடும் மாதக்கணக்கில் தொலைவில் இருந்த வாழ்க்கையில், முகாமைப் பெண்களே நடத்துவது புதுமையான செய்தியன்று. பின்னால் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய ஏற்பாட்டை நாம் மனத்தில் இருத்தவேண்டும்.

1973 மே மாதம் போலிசாரியோ முன்னணி தோன்றியது. மறு ஆண்டே சஹ்ராவிப் பெண்களின் தேசிய ஒன்றியம் அமைந்தது. நகைகளை விற்றுப் பணம் சேர்த்தல், செய்தி கொண்டுசெல்லுதல், கொடி தைத்தல் என்று தொடக்ககாலப் பணிகளில் பெரும்பகுதி பெண்களிடம் இருந்தது. 1975 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபையின் குழு வந்தபோது தெருக்களில் திடீரென விரிந்த கொடிகளில் பலவும் ‘மெல்ஃபா’ எனப்படும் அவர்களது நீண்ட சுற்றாடைக்குள் மறைந்து வந்தவை.

அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று அனைத்துலக நீதிமன்றம் மேற்குச் சகாராவின்மீது மொரோக்கோவுக்கோ மவுரித்தேனியாவுக்கோ இறையாண்மை உரிமை இல்லை என்று கருத்துரைத்தது. மூன்று வாரங்களில், நவம்பர் 6 அன்று, மன்னர் இரண்டாம் ஹஸன் மூன்றரை லட்சம் மொரோக்கோக் குடிமக்களைப் ‘பச்சை நடைப்பயணம்’ என்ற பெயரில் எல்லைக்குள் அனுப்பினார். ராணுவம் அதற்கு முன்பே நுழைந்துவிட்டிருந்தது. நகரங்களைவிட்டு ஓடியவர்கள் உம் திரைகா போன்ற இடங்களில் கூடினர். 1976 பிப்ரவரியில் அம்முகாம்களின்மீது மொரோக்கோ விமானங்கள் நேபாம் குண்டுகளை வீசின. பிழைத்தவர்கள் கிழக்கு நோக்கி, அல்ஜீரியாவின் திந்தூப் நகரை அடுத்த ‘ஹமாதா’ என்னும் கற்பாலையை அடைந்தனர். கோடையில் 50 டிகிரியைத் தொடும் வெப்பம் அங்கே. மேய்ச்சல் நாடோடிகளே தங்க விரும்பாத வெளி அது.

அகதிகளின் வரலாற்றில் அதிகம் எழுதப்படாத ஒரு கட்டம் இங்கே தொடங்குகிறது. போரிடும் வயதிலுள்ள ஆண்கள் ஏறத்தாழ அனைவரும் முனைக்குச் சென்றுவிட்டனர். முகாமில் எஞ்சியோர் பெண்கள், குழந்தைகள், முதியோர். முதல் கூடாரங்கள் அவர்கள் உடுத்திவந்த மெல்ஃபாக்களையும் போர்வைகளையும் இணைத்துத் தைக்கப்பட்டன. பிறகு அவர்களே களிமண்ணைக் குழைத்துச் செங்கல் அறுத்துப் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் எழுப்பினர். முகாம்களுக்கு இழந்த ஊர்களின் பெயர்களையே சூட்டினர்: எல் அயூன், ஸ்மாரா, தாக்லா, அவ்ஸெர்த். வரைபடத்தில் பறிபோன நாடு கற்பாலையில் பெயர்களாக மறுபடி எழுந்தது.

ஒவ்வொரு முகாமும் ஒரு மாகாணமாகவும் அதன் பிரிவுகள் வட்டங்களாகவும் வகுக்கப்பட்டன. வட்டந்தோறும் உணவுப் பங்கீடு, நலவாழ்வு, கல்வி, நீதி, கைவினை ஆகியவற்றுக்குக் குழுக்கள் இருந்தன. வயதுவந்த பெண்கள் ஏதேனும் ஒரு குழுவில் உழைத்தனர். மாவு மூட்டை வந்தால் தலைக்கு எவ்வளவு என்று அளந்து கொடுப்பதும், அம்மை பரவும் கூடாரத்தைத் தனிமைப்படுத்துவதும், கணவன் மனைவி வழக்கைத் தீர்ப்பதும் அவர்கள் கையில் இருந்தன. எழுத்தறிவு மிக அரிதாக இருந்த சமூகத்தில் தாய்மார்கள் பகலில் குழுவிலும் மாலையில் எழுத்து வகுப்பிலும் அமர்ந்தனர். 1978இல் பெண்களுக்கென ‘பிப்ரவரி 27’ என்ற பெயரில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. 1976இல் சஹ்ராவிக் குடியரசு அறிவிக்கப்பட்ட நாள் அது. பள்ளியைச் சுற்றிக் குடும்பங்கள் குடியேற, அவ்விடமே பின்னாளில் பூஜ்தூர் என்ற முகாமாயிற்று.

அக்குடியரசை இந்தியா 1985இல் அங்கீகரித்தது. 2000இல் அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. இரண்டும் நம் செய்தித்தாள்களில் பெரிய சலசலப்பின்றிக் கடந்துபோயின.

1991 செப்டம்பர் 6 அன்று போர்நிறுத்தம் வந்தது. பொதுவாக்கெடுப்பு விரைவில் என்று ஐக்கிய நாடுகள் சபை உறுதியளித்தது. ஆண்கள் முகாம்களுக்குத் திரும்பினர். அதுவரை பணமே புழங்காத முகாம்களில் கடைகள் தோன்றின. ஸ்பெயினின் பழைய ராணுவத்தில் பணியாற்றியோருக்கு ஓய்வூதியம் வரத்தொடங்கியது. குழுக்களில் பெண்கள் செய்த ஊதியமற்ற உழைப்பு, பணம் வந்த பிறகு மதிப்புக் குறைந்ததாகத் தோன்றலாயிற்று. திருமணச் செலவும் சீரும் கூடின. ஆட்சிப் பொறுப்புகளின் மேல்தட்டில் ஆண்களும் அடித்தட்டில் பெண்களும் என்ற பழைய படிநிலை மெல்லத் தலையெடுத்தது. போர் திறந்துவிட்ட கதவைப் போர்நிறுத்தம் பாதி சாத்தியது என்றே சொல்லவேண்டும்.

2014இல் வெளிவந்த ‘இலட்சிய அகதிகள்’ என்ற ஆங்கில ஆய்வு நூலில் எலேனா ஃபிடியன்-காஸ்மியே இன்னொரு சிக்கலைச் சுட்டுகிறார். உதவி தரும் மேலை நாட்டினர்முன் ‘விடுதலை பெற்ற சஹ்ராவிப் பெண்’ என்னும் படிமம் தொடர்ந்து நிறுத்தப்பட்டதால், அப்படிமத்திற்குள் அடங்காத பெண்களின் குரல்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன என்கிறார். இதை ஏற்பதால் அப்பெண்கள் உண்மையிலேயே கட்டியெழுப்பியவை சிறுமைப்படுவதில்லை. பாராட்டும் ஒருவகையில் வாயடைக்கும் என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்ளலாம்.

சுவரின் மறுபுறம்

1980களில் மொரோக்கோ ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளத்திற்கு மணலும் கல்லும் கொண்ட காப்பரணை எழுப்பியது. அதன் ஓரமெங்கும் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. குடும்பங்கள் இரண்டாகப் பிளந்தன. மேற்கே தங்கிவிட்டோரின் போராட்டம் வேறுவகையானது. அதன் முகமாக அறியப்படுபவர் அமீனத்து ஹைதர். இருபதை ஒட்டிய வயதில், 1987இல், அமைதியான ஆர்ப்பாட்டம் ஒன்றை ஒட்டிக் கைதுசெய்யப்பட்ட அவர் 1991 வரை எங்கிருக்கிறார் என்றே தெரியாமல், கண்கள் கட்டப்பட்ட நிலையில் வைக்கப்பட்டிருந்தார்.

2009 நவம்பரில், விருது ஒன்றைப் பெற்றுக்கொண்டு எல் அயூன் விமான நிலையத்தில் இறங்கினார். வருகைப் படிவத்தில் நாடு என்ற இடத்தில் ‘மேற்குச் சகாரா’ என்று எழுதினார். கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது, ஸ்பெயினின் லன்சரோட்டே தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அவ்விமான நிலையத்திலேயே 32 நாள்கள் உண்ணாநிலை இருந்தார். வேறு நாட்டில் குடியுரிமை பெற்றுக்கொள்ள வழி காட்டியபோது மறுத்தார். தன் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது மட்டுமே அவர் கோரிக்கை. டிசம்பர் 17 அன்று அவர் வீடு திரும்ப அனுமதிக்கப்பட்டார். படிவத்தில் எழுதிய இரு சொற்களுக்காக ஓர் உடல் சாவின் விளிம்புவரை போய்வந்தது.

மலை

குர்தியப் பெண்களைப் பற்றிப் பேசுவோர் ஒரு பழமொழியைத் தவறாமல் சொல்வர்: சிங்கம் சிங்கந்தான், ஆணாயின் என்ன, பெண்ணாயின் என்ன. அதற்குச் சான்றாக ஹலப்ஜாவின் அதீலா கானும் காட்டப்படுவார். ஜாஃப் குடியின் தலைவரை மணந்து, கணவர் 1909இல் மறைந்த பின்னும் அப்பகுதியை ஆண்டவர். சந்தையும் நீதிமன்றமும் சிறையும் கட்டுவித்தவர். முதல் உலகப் போருக்குப்பின் ஆங்கிலேயர் அவருக்கு ‘கான் பகதூர்’ பட்டம் அளித்தனர். நம் ஊர்களில் மிட்டாதாரர்களும் அதிகாரிகளும் பெற்ற அதே காலனியப் பட்டம் குர்திஸ்தானின் ஒரு பெண்ணுக்கும் போய்ச் சேர்ந்தது. 1924இல் அவர் மறைந்தார்.

ஆயினும் பழமொழி சிங்கங்களுக்குத்தான் பொருந்தியது. பெண்ணெடுத்துப் பெண்கொடுக்கும் மாற்றுத் திருமணமும், மணமகளுக்கு விலை பேசுதலும், குடும்ப மானத்தின் பெயரால் நிகழும் கொலையும் சாதாரணக் கிராமத்துப் பெண்ணின் வாழ்வை வரையறுத்தன. குர்தியப் பெண்களின் எதிர்ப்பு இரண்டு திசைகளிலும் நிகழவேண்டியிருந்தது. ஒன்று அரசை நோக்கி, மற்றொன்று வீட்டுக்குள்.

அரசின் கை எவ்வளவு நீண்டது என்பதற்குத் தெர்சிம் சான்று. 1937, 38ஆம் ஆண்டுகளில் துருக்கி அரசு அம்மலைப்பகுதியின் அலவி குர்தியர்மீது படையெடுத்தது. 2011இல் அன்றைய பிரதமர் எர்தோகன் மன்னிப்புக் கேட்டபோது அரசு ஆவணத்திலிருந்து காட்டிய எண்ணிக்கை 13,806 பேர். உண்மை எண் பன்மடங்கு என்பது தெர்சிம் மக்களின் கூற்று. படையினரிடம் சிக்காதிருக்கப் பெண்கள் முன்சூர் ஆற்றுப் பாறைகளிலிருந்து குதித்தனர் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் நினைவு.

அந்தப் படையெடுப்பில் குண்டுவீசியவர்களில் ஒருவர் சபீகா கெக்சென். அத்தாதுர்க்கின் வளர்ப்பு மகள். போர் விமானம் ஓட்டிய உலகின் முதற்பெண்களுள் ஒருவர். துருக்கியப் பெண் விடுதலையின் சின்னமாக இன்றும் போற்றப்படுபவர். இஸ்தான்புல்லில் ஒரு விமான நிலையம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. படையெடுப்பிலிருந்து தப்பிய சிறுமியர் பலர் அதிகாரிகளின் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டனர். வேறு பலர் எலாசிக் நகரின் மகளிர் பள்ளியில் சேர்க்கப்பட்டுத் துருக்கி மொழியும் துருக்கிய வாழ்முறையும் கற்பிக்கப்பட்டனர். அப்பள்ளியை நடத்திய ஆசிரியை சிதிகா அவர் தம் நினைவுக் குறிப்புகளுக்கு ‘என் மலைமலர்கள்’ என்று பெயரிட்டார். அவர் அன்பு பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் வானில் ஒரு பெண், வகுப்பறையில் ஒரு பெண், பாறை விளிம்பில் ஒரு பெண் என்று மூவரையும் ஒருசேரக் காணாமல் ‘பெண் விடுதலை’ என்ற சொல்லை எளிதாக எழுதிவிட முடியாது.

விதவையுமல்ல, மனைவியுமல்ல

1975இல் கிளர்ச்சி சரிந்ததும் பர்சான் பகுதியின் குடும்பங்கள் தெற்கு ஈராக்கின் பாலைநிலத்திற்கு நாடுகடத்தப்பட்டன. பின்னர் எர்பில் அருகே குஷ்தபா என்னும் குடியிருப்புக்குக் கொண்டுவரப்பட்டன. 1983 கோடையில் ஒருநாள் விடியலில் ராணுவம் அக்குடியிருப்பைச் சுற்றிவளைத்தது. சிறுவர் முதல் முதியவர்வரை ஆண்கள் வண்டிகளில் ஏற்றப்பட்டனர். பர்சானியர் மொத்தத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். எவரும் திரும்பவில்லை. அவர்களுள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் 2005இல் தெற்குப் பாலையின் புதைகுழிகளிலிருந்து எடுத்துவரப்பட்டன.

இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகள் குஷ்தபா பெண்களின் ஊராக இருந்தது. கறுப்புடை அணிந்து, வயல்களிலும் கட்டட வேலைகளிலும் கூலிக்குச் சென்று, பிள்ளைகளை வளர்த்தனர். 1988இல் அன்ஃபால் படையெடுப்பு இதே நிலையை ஆயிரக்கணக்கான கிராமங்களுக்கு விரிவாக்கியது. மார்ச் 16 அன்று ஹலப்ஜாவில் நச்சுவாயுவால் ஏறத்தாழ 5,000 பேர் மாண்டதை உலகம் அறியும். அதே ஆண்டு கிராமங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுப் பாலையில் சுட்டுப் புதைக்கப்பட்டோர் குறைந்தது 50,000 என்பது மனித உரிமை ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1,82,000 என்பது குர்தியத் தரப்பின் கணக்கு.

கணவன் இறந்தான் என்பதற்குச் சான்றில்லை. ஆகவே அவள் விதவையல்ல. வருவான் என்பதற்கு அறிகுறியில்லை. ஆகவே மனைவியும் அல்ல. நிலம் மாற்றிக்கொள்ள முடியாது. மறுமணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கூலிக்குப் போகும் தனித்த பெண்மீது ஊரின் கண் எப்போதும் இருந்தது. பின்னாளில் குர்திய அரசியல் அவர்களைத் தேசத்தின் துயரச் சின்னமாகப் போற்றியது. ஓய்வூதியமும் நினைவகங்களும் வந்தன. ஆனால் சின்னத்திற்குக் கறுப்புடையைக் கழற்றும் உரிமை கிடையாது. சஹ்ராவி முகாமில் ஆண்களில்லாத காலம் பெண்களுக்கு ஆட்சிப் பொறுப்பைத் தந்தது. குஷ்தபாவில் அதே இன்மை காவலை மட்டுமே தந்தது. வேறுபாட்டுக்குக் காரணம் துணிவு அன்று. ஒரு பக்கம் பெண்ணுக்கென்று கூடாரமும் கூட்டுழைப்பு மரபும் பாதுகாப்பான எல்லையும் இருந்தன. மறுபக்கம் கொன்றவனின் ஆட்சிக்குள்ளேயே வாழவேண்டியிருந்தது.

சிறைவாசலும் துப்பாக்கியும்

துருக்கியில் வேறொரு பாதை உருவாயிற்று. பதினான்கு வயதில் மணமுடிக்கப்பட்ட லெய்லா சனா, தியார்பக்கிர் நகர மேயரான தம் கணவர் 1980 ராணுவப் புரட்சிக்குப்பின் சிறைப்பட, சிறைவாசல்களில் காத்திருந்தே துருக்கி மொழியையும் அரசியலையும் கற்றார். குர்திய மொழியில் பேசுவது பார்வை நேரத்தில்கூட விலக்கப்பட்டிருந்தது. மொழி தெரியாத தாய்மார்கள் மகனை ஊமையாகப் பார்த்துத் திரும்பினர். 1991இல் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட லெய்லா, உறுதிமொழியின் முடிவில் இரு மக்களின் சகோதரத்துவத்தைப் பற்றி ஒரு வாக்கியத்தைக் குர்திய மொழியில் சொன்னார். அவை கொந்தளித்தது. 1994இல் சிறைப்பட்டவர் 2004இல்தான் வெளிவந்தார்.

மலையேறிய பெண்களின் கதையும் உண்டு. 1978இல் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியோரில் ஒருவரான சகினே ஜான்சிஸ் தெர்சிமில் பிறந்தவர். 2013 ஜனவரியில் பாரிசில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990களில் அக்கட்சிக்குள் பெண்களுக்கெனத் தனிப் படையும் அமைப்பும் தோன்றின. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகச் சிரியாவில் 2013இல் பெண்கள் பாதுகாப்புப் படை உருவானது. 2014–15இல் கொபானே முற்றுகையை முறியடித்ததில் அதன் பங்கு உலகெங்கும் படங்களாகப் பரவியது. பதவிதோறும் ஆணும் பெண்ணுமாக இருவர் தலைமை வகிக்கும் முறை அவ்வியக்கத்தின் குறிப்பிடத்தக்க ஏற்பாடு.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. போராளிக்குக் காதலும் மணமும் விலக்கப்பட்டன. பெண் விடுதலையின் கோட்பாட்டை வகுத்தளித்தவராகச் சுவரில் தொங்கிய படம் ஓர் ஆண் தலைவருடையது. பதினெட்டு வயது நிரம்பாத சிறுமியரும் படையில் இருந்தனர். அதை நிறுத்துவதாக 2019இல் அவர்களது கூட்டுப்படை ஐக்கிய நாடுகள் சபையோடு உடன்பாடு செய்யவேண்டிவந்தது. துப்பாக்கியேந்திய அழகிய இளம்பெண்ணின் படத்தை அட்டையில் அச்சிட்ட இதழ்கள் இவற்றைப் பற்றி அவ்வளவாகக் கேட்கவில்லை; அவளது கிராமத்தில் ரொட்டி சுடும் கூட்டுறவை நடத்திய நடுவயதுப் பெண்ணைப் பற்றியும் கேட்கவில்லை.

எஞ்சுவது

அழும் தாய், ஆயுதமேந்திய மகள் என்ற இரண்டு படிமங்களுக்கு நடுவேதான் மிகுதியான வரலாறு கிடக்கிறது. மாவை அளந்தவள், படிவம் நிரப்பியவள், சிறைவாசலில் வரிசையில் நின்றவள், காணாமற்போனோரின் பெயர்களை மறவாமல் வைத்திருந்தவள். பாடியவளும் அவர்களில் ஒருத்தி. துருக்கியில் குர்திய மொழி பொதுவெளியில் தடைசெய்யப்பட்ட ஆண்டுகளில் அது தாலாட்டிலும் ஒப்பாரியிலும் உயிரோடிருந்தது. சஹ்ராவிப் பாடகி மரியம் ஹஸன் போரில் சகோதரர் மூவரை இழந்தவர். தம் மக்களின் இசையை ஐரோப்பிய மேடைகளுக்குக் கொண்டுசென்று, நோயுற்ற நிலையில் முகாமுக்கே திரும்பி 2015இல் அங்கே கண்மூடினார்.

2020 நவம்பரில் மேற்குச் சகாராவில் போர்நிறுத்தம் முறிந்தது. வாக்குறுதியளிக்கப்பட்ட வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. 2022 செப்டம்பரில், சக்கஸ் நகரைச் சேர்ந்த ஜினா மாசா அமினி தெஹ்ரானில் காவலர்களின் பிடியில் இறந்தபோது, அவர் அடக்கத்தில் எழுந்த ‘ஜின், ஜியான், ஆசாதி’ – பெண், வாழ்வு, விடுதலை – என்ற குர்திய முழக்கம் ஈரான் முழுவதும் பரவியது. 2025 ஜூலையில் சுலைமானியா அருகே முப்பது போராளிகள் தம் ஆயுதங்களைத் தீயிலிட்டனர். பாதிப்பேர் பெண்கள், முன்னின்றவரும் ஒரு பெண்ணே.

ஆயுதம் எரிந்த பிறகு, எப்போதேனும் வாக்கெடுப்பு நடந்த பிறகு, நாடு திரும்பிய பிறகு என்ன என்பதே மிஞ்சும் கேள்வி. சஹ்ராவி முகாம்களில் கூடாரங்களோடு மண்வீடுகளும் இப்போது நிறைந்துள்ளன. 2015 அக்டோபர் மழையில் மண்வீடுகள் ஆயிரக்கணக்கில் கரைந்து விழுந்தன. குடும்பங்கள் மீண்டும் கூடாரத்துக்குள் சென்றன. கூடாரம் பெண்ணுடையது என்பதில் அங்கே எவருக்கும் ஐயமில்லை. ஒருநாள் அவர்கள் தம் ஊரில் கல்லால் வீடு கட்டும்போது அதன் பத்திரத்தில் யார் பெயர் இருக்கும் என்பதைக் கொண்டே அந்த விடுதலையை நாம் அளக்கவேண்டியிருக்கும்.